உரையாடும் இணைய சேவைகள்: பதில் உடனே வருகிறது, காரியம் முடிகிறதா?

ரத்து செய்த ரயில் பயணச்சீட்டுக்கான பணம் எப்போது திரும்பும் என்று பயணி கேட்கிறார். உதவித்தொகைத் தவணை ஏன் வரவில்லை என்று விவசாயி விசாரிக்கிறார். தொலைந்த வங்கி அட்டையை முடக்க வாடிக்கையாளர் முயல்கிறார். தேர்வு நுழைவுச்சீட்டை மாணவர் பதிவிறக்குகிறார். தொடர்பில்லாத இந்த நான்கு காரியங்களும் இன்று ஒரே வகையான இடத்தில் தொடங்குகின்றன. கைப்பேசித் திரையில் திறக்கும் சிறிய உரையாடல் கட்டமே அந்த இடம். அதில் ஒரு கேள்வியைத் தட்டச்சு செய்தால் நொடிகளில் பதில் வருகிறது.

கவுன்ட்டர் முன் வரிசையில் நின்ற காலத்தோடு ஒப்பிட்டால் இது பெரிய மாற்றம் என்பதில் ஐயமில்லை. நாட்டில் இணைய இணைப்புகளின் எண்ணிக்கை 90 கோடியைக் கடந்துவிட்ட நிலையில், மத்திய, மாநில அரசுகளும் வங்கிகளும் மின்வணிக நிறுவனங்களும் மக்களுடன் இருவழியாகப் பேசும் இணையத் தொழில்நுட்பங்களைப் போட்டி போட்டுக்கொண்டு ஏற்று வருகின்றன. ஆனால், பதில் கிடைப்பதும் பிரச்சினை தீர்வதும் ஒன்றல்ல. அந்த இரண்டுக்கும் இடையிலான தூரம் குறைந்திருக்கிறதா என்பதே இன்று கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அறிவிப்புப் பலகையிலிருந்து உரையாடல் வரை

இந்தியாவில் பொதுமக்களுக்கான இணைய சேவையை 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் தொடங்கியது. அடுத்த சில ஆண்டுகளுக்கு நிறுவனங்களின் இணையதளம் என்பது ஏறத்தாழ ஓர் அறிவிப்புப் பலகையாகவே இருந்தது. முகவரி, தொலைபேசி எண், தலைவரின் புகைப்படம், சில படிவங்கள் ஆகியவற்றைப் பார்க்கலாம். படிவத்தை அச்சிட்டு நேரில் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

இந்த நிலையை மாற்றியதில் ரயில்வேயின் பங்கு பெரியது. ஐஆர்சிடிசி 2002 ஆகஸ்டில் இணையவழி முன்பதிவைத் தொடங்கியது. அப்போது இணையத்தில் பதிவு செய்தாலும் பயணச்சீட்டு கூரியர் மூலமே வீடு வந்து சேரும். அச்சிட்டு எடுத்துச் செல்லும் மின்னணுப் பயணச்சீட்டு 2005-ல்தான் வந்தது. இன்று முன்பதிவுப் பயணச்சீட்டுகளில் 80 சதவீதத்துக்கும் மேல் இணையவழியில் பெறப்படுகின்றன. இணையத்தில் பணம் செலுத்தினால் காரியம் நடக்கும் என்ற நம்பிக்கையைப் பல இந்தியக் குடும்பங்களுக்கு முதலில் ஏற்படுத்தியது இந்த சேவைதான்.

அடுத்த கட்டமாக, மக்களின் கருத்துகளைக் கேட்கும் தளங்கள் வந்தன. மத்திய அரசின் மைகவ் தளம் 2014 ஜூலையில் தொடங்கப்பட்டது. பல துறைகளின் சேவைகளை ஒரே செயலியில் தரும் உமங் 2017 நவம்பரில் அறிமுகமானது. அதே ஆண்டில் எச்டிஎஃப்சி வங்கி ஈவா என்ற சாட்பாட்டைக் கொண்டுவந்தது. 2018 அக்டோபரில் ஐஆர்சிடிசி தளத்தில் ஆஸ்க் திஷா இடம்பெற்றது. முதலில் ஆங்கிலத்தில் மட்டும் பேசிய அந்த சாட்பாட், 2020-ல் இந்தியும் கற்றுக்கொண்டது. பயணச்சீட்டு எடுப்பது, ரத்து செய்வது ஆகியவற்றை உரையாடல் வழியாகவே செய்யும் வசதி பிற்பாடு சேர்க்கப்பட்டது.

கரோனா பெருந்தொற்று இந்தப் போக்கை விரைவுபடுத்தியது. அலுவலகக் கதவுகள் மூடப்பட்ட 2020 மார்ச்சில், மைகவ் கரோனா உதவி மையம் வாட்ஸ்அப்பில் தொடங்கப்பட்டது. வதந்திகளுக்கு மறுப்பு சொல்லவும் அறிகுறிகளைப் பற்றித் தெரிவிக்கவும் உருவான அந்த எண்ணிலேயே 2021 ஆகஸ்டில் தடுப்பூசிச் சான்றிதழும், 2022 மே மாதத்தில் டிஜிலாக்கர் ஆவணங்களும் கிடைக்கத் தொடங்கின. நெருக்கடிக்காகத் திறந்த ஜன்னல் நிரந்தர வாசலாக மாறியது.

வாடிக்கையாளரை வற்புறுத்தினால் என்ன ஆகும்?

புதிய தொழில்நுட்பத்தை ஏற்பதில் நிறுவனங்கள் செய்யக்கூடிய தவறுக்கு மின்வணிகத் துறையில் பரவலாக அறியப்பட்ட ஓர் எடுத்துக்காட்டு உண்டு. ஆடை விற்பனை நிறுவனமான மிந்த்ரா, 2015 மே 15 முதல் தனது இணையதளத்தை முற்றிலும் மூடிவிட்டு, செயலி வழியாக மட்டுமே விற்பனை செய்யும் முடிவை எடுத்தது. எல்லோர் கையிலும் திறன்பேசி வந்துவிட்டது, இனி இணையதளம் எதற்கு என்பதே அந்த முடிவின் பின்னணி.

ஓராண்டு கடந்த நிலையில், 2016 ஜூன் 1 அன்று மிந்த்ரா தனது இணையதளத்தை மீண்டும் திறந்தது. சிறிய திரையில் துணி பார்த்து வாங்கத் தயங்குவோரும், சேமிப்பிடம் குறைவான கைப்பேசி வைத்திருப்போரும், கணினி வழியாக வாங்கிப் பழகியோரும் இருக்கிறார்கள் என்பதைச் சந்தை உணர்த்தியது. அதன் தாய் நிறுவனமான ஃபிளிப்கார்ட், கைப்பேசி இணையதளத்தைக் கைவிட்டுச் செயலிக்கு மக்களைத் திருப்ப முயன்ற பின், 2015 நவம்பரில் ஃபிளிப்கார்ட் லைட் என்ற புதிய வடிவத்தில் அதை மீட்டெடுத்தது. பதிவிறக்கம் செய்யாமலே செயலியைப் போல இயங்கும் அந்தத் தளம், வேகம் குறைந்த இணைப்பிலும் பயன்படுத்தத்தக்கதாக வடிவமைக்கப்பட்டிருந்தது.

தனியார் கடை ஒன்று ஒரு வாசலை மூடினால் வாடிக்கையாளர் அடுத்த கடைக்குப் போய்விடுவார். அந்த இழப்பே நிறுவனத்துக்குப் பாடமாகிவிடும். அரசு அலுவலகம் ஒரு வாசலை மூடினால் குடிமகன் போவதற்கு வேறு அலுவலகம் கிடையாது. எனவே பொதுத்துறையில் இத்தகைய தவறு நீண்ட காலம் கவனிக்கப்படாமலே தொடரக்கூடும். தனியார் நிறுவனங்களின் வழிமுறைகளை அரசுகள் பின்பற்றும்போது நினைவில் கொள்ள வேண்டிய முதல் வேறுபாடு இது.

வாட்ஸ்அப் ஏன் வென்றது?

தனித்தனிச் செயலிகளுக்கு மக்களிடையே சலிப்பு ஏற்பட்டதும் வாட்ஸ்அப் முன்னுக்கு வந்தது. புதிதாக எதையும் பதிவிறக்க வேண்டாம். கடவுச்சொல்லை நினைவில் வைக்க வேண்டாம். உறவினருக்கு வணக்கம் அனுப்பத் தெரிந்தவருக்கு அதுவே போதுமான பயிற்சி. சுமார் 50 கோடிப் பேர் ஏற்கெனவே பயன்படுத்தும் தளம் என்பதால், மக்களைத் தேடிப் போக வேண்டிய செலவும் நிறுவனத்துக்கு மிச்சம்.

பெங்களூரு மெட்ரோ ரயில் 2022 நவம்பரில் வாட்ஸ்அப் வழியாகப் பயணச்சீட்டு வழங்கத் தொடங்கியது. 2023-ல் சென்னை, டெல்லி மெட்ரோ நிறுவனங்களும் அதே வழிக்கு வந்தன. உச்ச நீதிமன்றம் 2024 ஏப்ரலில், வழக்குப் பட்டியல் உள்ளிட்ட தகவல்களை வழக்கறிஞர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பும் திட்டத்தை அறிவித்தது. ஆந்திரப் பிரதேச அரசு இன்னும் ஒரு படி மேலே சென்று, மெட்டா நிறுவனத்துடன் 2024 அக்டோபரில் உடன்பாடு செய்துகொண்டு, 2025 ஜனவரி 30 அன்று மன மித்ரா என்ற வாட்ஸ்அப் ஆளுமைத் திட்டத்தைத் தொடங்கியது. அறநிலையம், மின்சாரம், அரசுப் பேருந்து, வருவாய், நகராட்சி உள்ளிட்ட துறைகளின் 161 சேவைகள் முதல் கட்டத்தில் இடம்பெற்றன. அந்த ஆண்டே பள்ளி, இடைநிலைப் பொதுத்தேர்வு மாணவர்களுக்கான நுழைவுச்சீட்டுகளும் அதில் கிடைத்தன. பள்ளி நிர்வாகத்தைச் சாராமல் மாணவரே நேரடியாக நுழைவுச்சீட்டைப் பெற முடிந்தது சிறிய நன்மை அல்ல.

எனினும், இந்த வசதிக்கு ஒரு விலை உண்டு. அரசின் வரவேற்பறை ஒரு தனியார் நிறுவனத்தின் கட்டடத்துக்குள் அமைந்துவிடுகிறது. அந்தக் கட்டடத்தின் விதிகளை வகுப்பது அரசு அல்ல. 24 மணி நேர உரையாடலுக்கு ஒரு கட்டணம் என்றிருந்த முறையை மாற்றி, 2025 ஜூலை முதல் அனுப்பும் செய்திக்கு ஏற்பக் கட்டணம் என்ற முறையை மெட்டா கொண்டுவந்தது. பொதுப் பயன்பாட்டுக்கான செயற்கை நுண்ணறிவு சாட்பாட்களுக்குத் தனது வணிகத் தளத்தில் இடமில்லை என்று 2025 அக்டோபரில் அறிவித்து, 2026 ஜனவரி 15-ஐ அதற்கான நாளாகக் குறித்தது. வாடிக்கையாளர் சேவைக்கான சாட்பாட்கள் அந்தத் தடைக்கு உட்படவில்லை. ஆயினும், விதி எப்போது வேண்டுமானாலும் மாறலாம் என்பதை அந்த அறிவிப்பு நினைவூட்டியது.

வாட்ஸ்அப்பின் 2021-ம் ஆண்டு தனியுரிமைக் கொள்கை தொடர்பாக இந்தியப் போட்டி ஆணையம் 2024 நவம்பரில் மெட்டாவுக்கு 213.14 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் 2025 நவம்பரில், தகவல் பகிர்வுக்கான 5 ஆண்டுத் தடையை நீக்கினாலும் அபராதத்தை உறுதி செய்தது. ஒழுங்காற்று அமைப்பு ஒன்றின் நடவடிக்கைக்கு உள்ளான அதே தளம், மற்றொரு புறம் அரசு சேவைகளின் முதன்மை வாசலாகவும் வளர்ந்து வருகிறது. இந்த முரண்பாட்டுக்கு எளிய விடை இல்லை. வாட்ஸ்அப்பில் தரும் ஒவ்வொரு சேவையையும் அரசின் சொந்த இணையதளத்திலும் அதே தரத்தில் பராமரிப்பதே குறைந்தபட்சப் பாதுகாப்பு.

முன்வாசல் புதிது, பின்கட்டு பழையது

உரையாடல் கட்டம் என்பது ஒரு முன்வாசல் மட்டுமே. அதற்குப் பின்னால் பதிவேடுகள், கணக்குகள், கோப்புகள், முடிவெடுக்கும் அதிகாரிகள் என ஒரு பெரிய பின்கட்டு இருக்கிறது. முன்வாசலை அமைக்கச் சில வாரங்கள் போதும்; பின்கட்டை ஒழுங்குபடுத்த ஆண்டுகள் தேவைப்படும். பல நிறுவனங்கள் முதல் வேலையை முடித்துவிட்டு இரண்டாவது வேலையைத் தள்ளிப்போடுவதுதான் சிக்கலின் வேர்.

இன்று பயன்பாட்டில் உள்ள சாட்பாட்களை மூன்று வகையாகப் பிரிக்கலாம். முதல் வகை, எண்களைத் தேர்ந்தெடுக்கச் சொல்லும் பட்டியல் முறை. தொலைபேசியில் ஒன்றை அழுத்தவும், இரண்டை அழுத்தவும் என்று கேட்ட குரலின் எழுத்து வடிவம். இரண்டாவது வகை, கேள்வியில் உள்ள சொற்களைக் கொண்டு நோக்கத்தை ஊகித்து, முன்பே எழுதி வைத்த பதிலைத் தரும். மூன்றாவது வகை, பெரு மொழி மாதிரிகளின் துணையோடு பதிலைப் புதிதாக எழுதித் தரும். மூன்றில் எதுவானாலும், பயனாளரின் கணக்கைத் திறந்து பார்க்கவும் அதில் மாற்றம் செய்யவும் அனுமதி இல்லாவிட்டால், பொது விதியை ஒப்புவிப்பதைத் தவிர அதனால் வேறு எதுவும் செய்ய இயலாது. பணம் ஏன் வரவில்லை என்று கேட்பவருக்கு, பணம் வர 7 வேலை நாட்கள் ஆகும் என்ற விதி பதிலாகக் கிடைப்பது இதனால்தான்.

பின்கட்டு ஆயத்தமாகும் முன் வாசலைத் திறந்தால் என்ன நேரும் என்பதை 2021-ல் நாடு கண்டது. வருமான வரிக் கணக்குத் தாக்கலுக்கான புதிய இணையதளம் அந்த ஆண்டு ஜூன் 7 அன்று தொடங்கப்பட்டது. எளிமையும் வேகமும் அதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. ஆனால் உள்நுழைவு முதல் கணக்குத் தாக்கல் வரை பல இடங்களில் கோளாறுகள் ஏற்பட்டன. தளத்தை உருவாக்கிய இன்ஃபோசிஸ் நிறுவனத்தின் தலைமைச் செயல் அதிகாரியை நிதியமைச்சர் ஆகஸ்ட் 23 அன்று நேரில் அழைத்து, செப்டம்பர் 15-க்குள் சீர்செய்யுமாறு கெடு விதித்தார். தனிநபர்களுக்கான கணக்குத் தாக்கல் அவகாசம் அந்த ஆண்டு டிசம்பர் 31 வரை நீண்டது. பின்னர் தளம் சீரடைந்தது. பழைய முறையைச் சிறிது காலம் இணையாக ஓடவிட்டிருந்தால் வரி செலுத்துவோரின் அலைச்சலைக் குறைத்திருக்கலாம் என்பதே அதிலிருந்து பெறத்தக்க பாடம்.

தவறான பதிலுக்கு யார் பொறுப்பு?

மொழி மாதிரிகளின் வருகை மற்றொரு கேள்வியை எழுப்பியுள்ளது. அவை சரளமாகப் பேசும். ஆனால் சரளம் வேறு, உண்மை வேறு. இல்லாத சலுகையை இருப்பதாகச் சொல்லிவிட்டால், அந்தச் சொல்லுக்கு யார் பொறுப்பு?

கனடாவில் 2024 பிப்ரவரியில் வெளியான ஒரு தீர்ப்பு இதற்கு வழிகாட்டுகிறது. குடும்பத்தில் நேர்ந்த இறப்பையொட்டிப் பயணம் செய்த ஒருவரிடம், துக்கக் காலக் கட்டணச் சலுகையைப் பயணத்துக்குப் பின்னரும் கோரலாம் என்று ஏர் கனடா விமான நிறுவனத்தின் சாட்பாட் கூறியது. நிறுவனத்தின் விதியோ அதற்கு மாறானது. சாட்பாட் தனது சொற்களுக்குத் தானே பொறுப்பான தனி அமைப்பு என்ற வகையிலான வாதத்தை பிரிட்டிஷ் கொலம்பியா மாகாணத்தின் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. இணையதளத்தில் எந்தப் பகுதியில் எது சொல்லப்பட்டாலும் அதற்கு நிறுவனமே பொறுப்பு என்று கூறி, பயணிக்கு இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. தொகை சிறியது, கோட்பாடு பெரியது. கவுன்ட்டரில் அமர்ந்திருக்கும் ஊழியரின் வாக்குறுதி நிறுவனத்தைக் கட்டுப்படுத்தும் என்றால், அவரது இடத்தில் வைக்கப்பட்ட மென்பொருளின் வாக்குறுதியும் கட்டுப்படுத்தவே வேண்டும்.

மனிதரை நீக்கும் அவசரமும் இதே கோணத்தில் பார்க்கத்தக்கது. பெங்களூருவைச் சேர்ந்த துகான் என்ற புத்தொழில் நிறுவனம், வாடிக்கையாளர் சேவைப் பிரிவில் 90 சதவீத ஊழியர்களை நீக்கி அந்த இடத்தில் சாட்பாட்டை அமர்த்தியதாக 2023 ஜூலையில் அதன் நிறுவனர் அறிவித்தார். ஒரு புகாரைத் தீர்க்க ஆன நேரம் 2 மணி 13 நிமிடத்திலிருந்து 3 நிமிடம் 12 நொடியாகக் குறைந்தது என்றும் அவர் கூறினார். அறிவிப்பு வெளியான விதம் கடும் விமர்சனத்துக்கு உள்ளானது. ஸ்வீடனின் கிளார்னா நிறுவனம், தனது செயற்கை நுண்ணறிவு உதவியாளர் 700 ஊழியர்களின் வேலையைச் செய்வதாக 2024-ல் பெருமையுடன் தெரிவித்தது. 2025-ல் அதன் தலைவரே, தரம் குறைந்ததை ஒப்புக்கொண்டு, வாடிக்கையாளர் விரும்பினால் மனிதரிடம் பேசும் வாய்ப்பு எப்போதும் இருக்கும் என்றார். எளிய கேள்விகளை இயந்திரத்திடம் விடுவதில் லாபம் உண்டு. சிக்கலான கேள்விகளுக்கு அனுபவமுள்ள ஊழியர் தேவை. அந்த ஊழியர்களையே முதலில் இழந்துவிட்டு, பின்னர் தேடும் நிலை செலவு மிக்கது.

மொழி என்னும் முதல் படி

இந்தியாவில் இருவழி இணைய சேவையின் வெற்றி மொழியைச் சார்ந்தது. ஆங்கிலத்தில் மட்டும் கேட்கும் உரையாடல் கட்டம், பெரும்பாலான மக்களுக்குப் பூட்டிய கதவுக்குச் சமம். இதை உணர்ந்து, இந்திய மொழிகளுக்கான மொழிபெயர்ப்பு, பேச்சறிதல் வசதிகளை உருவாக்கும் பாஷினி திட்டத்தை மத்திய அரசு 2022 ஜூலையில் தொடங்கியது. அதன் துணையோடு, பிரதமரின் விவசாயிகள் உதவித்தொகைத் திட்டத்துக்கான கிசான் இ-மித்ரா என்ற சாட்பாட் 2023 செப்டம்பரில் அறிமுகமானது. ஆண்டுக்கு 6,000 ரூபாயை மூன்று தவணைகளில் தரும் அத்திட்டத்தில், விண்ணப்ப நிலை, தவணை விவரம், தகுதி ஆகியவற்றை விவசாயி வாய்மொழியாகவே கேட்கலாம். தொடக்கத்தில் இடம்பெற்ற ஐந்து மொழிகளில் தமிழும் ஒன்று.

பேச்சு வழியாகக் கேட்கும் வசதி, எழுதப் படிக்கச் சிரமப்படுவோருக்கும் இணையத்தின் வாசலைத் திறக்கிறது. ஆனால் மேடைத் தமிழில் யாரும் புகார் சொல்வதில்லை. வட்டார வழக்கும், இடையிடையே ஆங்கிலச் சொற்களும் கலந்ததே அன்றாடப் பேச்சு. பட்டா, சிட்டா, அடங்கல் போன்ற சொற்கள் ஒவ்வொரு மாநிலத்திலும் வேறுபடும். அவற்றைப் புரிந்துகொள்ளாத மென்பொருள், எத்தனை மொழிகளில் பேசினாலும் பயன் குறைவே. உள்ளூர் அலுவலர்கள், பொது சேவை மைய ஊழியர்கள் ஆகியோரின் அனுபவத்தை வடிவமைப்பில் சேர்க்காமல் இந்தக் குறையைப் போக்க இயலாது.

விடுபட்டுப்போவோர்

தேசிய குடும்பநல ஆய்வின் 5-ம் சுற்று 2019 முதல் 2021 வரை நடத்தப்பட்டது. ஒருமுறையேனும் இணையத்தைப் பயன்படுத்தியதாகக் கூறிய பெண்கள் 33.3 சதவீதம், ஆண்கள் 57.1 சதவீதம். அதன் பிறகு நிலைமை மேம்பட்டிருந்தாலும், கைப்பேசி ஒரு குடும்பத்தில் யாருடைய கையில் இருக்கிறது என்பது இன்றும் முக்கியமான கேள்வி. ஓடிபி எண் கணவரின் கைப்பேசிக்கோ மகனின் கைப்பேசிக்கோ வரும் வீட்டில், பெண்ணின் பெயரிலுள்ள சேவை உண்மையில் அவர் கட்டுப்பாட்டில் இல்லை.

தடுப்பூசி முன்பதிவில் இந்த இடைவெளி வெளிப்படையாகத் தெரிந்தது. 18 முதல் 44 வயது வரையிலானோருக்கான பதிவு 2021 ஏப்ரல் 28 அன்று கோவின் தளத்தில் தொடங்கியது. இணையத்தில் பதிவு செய்தால்தான் ஊசி என்ற நிலையில், நேரம் கிடைத்தவுடன் இடங்கள் நிமிடங்களில் நிரம்பின. வேகமான இணைப்பும் ஆங்கிலப் பழக்கமும் உள்ள நகரவாசிகள் முந்திக்கொண்டனர். டிஜிட்டல் வசதியற்ற மக்கள் என்ன செய்வார்கள் என்று உச்ச நீதிமன்றம் கேள்வி எழுப்பியது. நேரில் வந்து பதிவு செய்யும் வழி பின்னர் திறக்கப்பட்டது. பிராந்திய மொழிகளும் தளத்தில் சேர்க்கப்பட்டன.

மாற்றுத்திறனாளிகளின் நிலை குறித்து நீதிமன்றம் மேலும் தெளிவாகப் பேசியுள்ளது. அணுகல் வசதிகளுக்கான விதிகள் வெறும் பரிந்துரையாக இருக்க இயலாது; கட்டாயமானவையாக இருக்க வேண்டும் என்று 2024 நவம்பர் 8 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஏப்ரல் 30 அன்று மற்றொரு தீர்ப்பு வந்தது. கண் சிமிட்டிக் காட்டச் சொல்லும் மின்னணு அடையாளச் சரிபார்ப்பு, அமில வீச்சில் பாதிக்கப்பட்டவர்களையும் பார்வைக் குறைபாடு உள்ளவர்களையும் வங்கி சேவையிலிருந்து விலக்குகிறது என்ற முறையீட்டை நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு ஏற்றது. டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை, அரசமைப்புச் சட்டத்தின் 21-வது பிரிவு உறுதி செய்யும் வாழ்வுரிமையின் உள்ளார்ந்த பகுதி என்று கூறி 20 வழிகாட்டுதல்களை வழங்கியது. ஒரு திரை எப்படி வடிவமைக்கப்படுகிறது என்பது இனி நிறுவனத்தின் விருப்பம் மட்டும் அல்ல. அடிப்படை உரிமை சார்ந்த விஷயம்.

நம்பிக்கையைக் குலைக்கும் போலிகள்

மக்கள் உரையாடல் சேவைக்குப் பழகப் பழக, மோசடிக்காரர்களும் அதே உடையை அணிகிறார்கள். வங்கியின் பெயரிலும் மின்வாரியத்தின் பெயரிலும் போலிச் செய்திகள் வருகின்றன. தேடுபொறியில் போலி வாடிக்கையாளர் சேவை எண்கள் இடம்பெறுகின்றன. உண்மையான நிறுவனத்தின் புகார் வழி எளிதில் கிடைக்காதபோதுதான் மக்கள் இணையத்தில் எண்ணைத் தேடுகிறார்கள் என்பது இதில் கவனிக்கத்தக்கது. அதாவது, நிறுவனம் தனது மனிதத் தொடர்பை மறைப்பது மோசடிக்காரருக்கு இடம் விட்டுக்கொடுப்பதாகும்.

இதைத் தடுக்க, வங்கிகள் அனைத்தும் பேங்க்.இன் என்று முடியும் தனி இணைய முகவரிக்கு 2025 அக்டோபர் 31-க்குள் மாற வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. வங்கிகளுக்கு மட்டுமே வழங்கப்படும் முகவரி என்பதால், உண்மையான தளத்தை அடையாளம் காண்பது எளிதாகிறது. பணத்தை இழந்தவர்கள் தாமதிக்காமல் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும்.

சட்டம் தரும் பிடிமானம்

சாட்பாட் சுற்றிச் சுற்றி ஒரே இடத்துக்கு அழைத்து வரும்போது குடிமகன் கையறு நிலையில் இல்லை. 2020-ம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி, ஒவ்வொரு நிறுவனமும் குறைதீர் அதிகாரியை நியமிக்க வேண்டும். அவர் புகாரைப் பெற்றதை 48 மணி நேரத்துக்குள் உறுதி செய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வங்கியிடம் அளித்த புகாருக்கு 30 நாட்களில் பதில் வராவிட்டாலோ, பதில் திருப்தி தராவிட்டாலோ ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரை அணுகலாம். தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915, தமிழ் உள்ளிட்ட 17 மொழிகளில் இயங்குகிறது. மத்திய அரசுத் துறைகள் மீதான புகார்களுக்கான சிபிகிராம்ஸ் தளத்தில் தீர்வு காணும் கால வரம்பு 2024-ல் 21 நாட்களாகக் குறைக்கப்பட்டது.

பயனாளரை ஏமாற்றும் வடிவமைப்பு உத்திகள் 13-ஐ நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30 அன்று பட்டியலிட்டுத் தடை செய்தது. சந்தாவில் எளிதாகச் சேர்த்துவிட்டு விலகும் வழியை மறைப்பது அவற்றில் ஒன்று. இத்தகைய உத்திகள் தங்கள் தளங்களில் உள்ளனவா என்று தாங்களே தணிக்கை செய்யுமாறு 2025 ஜூனில் மின்வணிகத் தளங்கள் அறிவுறுத்தப்பட்டன. 2023-ம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்துக்கான விதிகள் 2025 நவம்பரில் அறிவிக்கப்பட்டன. முக்கியக் கடமைகளுக்கு 18 மாத அவகாசம் தரப்பட்டுள்ளது. மீறினால் 250 கோடி ரூபாய் வரை அபராதம் விதிக்க இடமுண்டு. உரையாடலில் மக்கள் தட்டச்சு செய்யும் நோய் விவரமும் கடன் விவரமும் எங்கே சேமிக்கப்படுகின்றன என்று நிறுவனங்கள் அதற்குள் கணக்கெடுத்தாக வேண்டும்.

எதை அளக்க வேண்டும்?

உரையாடல் சேவைகளைத் தொடங்கும் நிறுவனங்களும் அரசுகளும் பொதுவாக வெளியிடும் புள்ளிவிவரம், எத்தனை லட்சம் கேள்விகளுக்கு பதில் அளிக்கப்பட்டது என்பதே. அந்த எண்ணிக்கை உயர்வதை வெற்றி என்று மட்டுமே கொள்ள இயலாது. ஒரே பிரச்சினைக்காக ஒருவர் பத்து முறை கேட்டாலும் அது பத்து உரையாடல்களாகவே கணக்கில் சேரும். உரையாடலைப் பாதியில் விட்டு வெளியேறியவர், தீர்வு பெற்றவராகவும் பதிவாகிவிடலாம்.

பொதுமக்களுக்குப் பயன்படும் அளவுகோல்கள் வேறு. முதல் முறையிலேயே தீர்ந்த புகார்கள் எத்தனை? மனிதரிடம் பேச வேண்டும் என்று கேட்டவர் எத்தனை நிமிடம் காத்திருந்தார்? மீண்டும் அதே புகாரோடு வந்தவர்கள் எவ்வளவு பேர்? ஒவ்வொரு மொழியிலும் தீர்வு விகிதம் ஒன்றாக இருக்கிறதா? இணையம் தெரியாதவர் நேரில் வந்தால் அதே சேவை அதே காலத்தில் கிடைக்கிறதா? பொதுப் பணத்தில் இயங்கும் சேவைகளுக்கேனும் இந்த விவரங்களை மாதந்தோறும் வெளியிடும் கடமை இருக்க வேண்டும். இதற்குப் புதிய தொழில்நுட்பம் தேவையில்லை. உரையாடல் பதிவுகளிலேயே இவற்றில் பெரும்பாலானவை உள்ளன.

நாடெங்கும் இயங்கும் 5 லட்சத்துக்கும் மேற்பட்ட பொது சேவை மையங்கள் இதில் ஆற்றக்கூடிய பங்கு பெரிது. இயந்திரத்தால் தீர்க்க முடியாத கேள்வியை அருகிலுள்ள மையத்தின் ஊழியருக்கு, முழு விவரத்துடன் கைமாற்றும் ஏற்பாடு செய்தால், கேட்டவர் மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டிய தேவை இராது. இயந்திரத்தின் வேகமும் மனிதரின் தீர்ப்புத் திறனும் ஒன்றுசேரும் இடம் அதுதான்.

கடந்த 30 ஆண்டுகளில் இணையதளம் அறிவிப்புப் பலகையாக இருந்து, படிவமாகி, கடையாகி, இப்போது உரையாடலாக மாறியிருக்கிறது. ஒவ்வொரு கட்டத்திலும் வரிசைகள் குறைந்திருக்கின்றன. இடைத்தரகர்களின் பிடியும் தளர்ந்திருக்கிறது. இந்த ஆதாயத்தைக் காத்துக்கொள்வதற்கு, உரையாடல் கட்டத்துக்குப் பின்னால் முடிவெடுக்கும் அதிகாரமுள்ள ஒருவர் இருக்கிறார் என்ற உறுதியை நிறுவனங்கள் தர வேண்டும். தவணைத் தொகைக்காகக் காத்திருக்கும் விவசாயிக்கு, பதில் எத்தனை நொடியில் வந்தது என்பதைவிட, பணம் எந்த நாளில் வரும் என்பதே முக்கியம்.